மனை வாங்குமுன் பத்திரத்தைப் பின்னோக்கி வாசித்தல்

நமது சங்க அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மனை வாங்குகின்றனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கூலியிலும் போனசிலும் மிச்சம் பிடித்த பணம், சேமநிதியிலிருந்து எடுத்த தொகை, மனைவியின் கழுத்திலிருந்து இறங்கிய நகையின் விலை ஆகிய யாவும் ஒன்று சேர்ந்து, ஒரே நாளில், சார்பதிவகத்தின் தாழ்வாரத்தில் மற்றொருவர் கைக்கு மாறிவிடுகின்றன. மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டும் பார்க்கிறார். நூல் வாங்குகிறவர் சிட்டத்தைப் பிரித்து முறுக்கைச் சோதிக்கிறார். இத்தகையவர்கள் மனை வாங்கும்போது மட்டும், தரகர் நீட்டும் காகிதத்திலுள்ள முத்திரையைக் கண்டவுடன் திருப்தியடைந்து விடுவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்படிச் சொல்லுகிற நானும் அவ்வாறு திருப்தியடைந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்க அங்கத்தினர் ஒருவர் ஊர்ப்புறத்தில் ஐந்து சென்ட் மனை ஒன்றிற்குக் கிரயம் பேசினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் பதிவு ஏதுமில்லை என்றிருப்பதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். விற்பவரின் பெயரில் பட்டாவும் இருந்தது. இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, முடித்துவிடுங்கள்" என்றேன். பதிவு முடிந்தது. கடைக்கால் தோண்டிச் செங்கல்லும் இறக்கிய பின்னர், விற்றவருடைய சகோதரிகள் இருவர் வக்கீல் நோட்டீசு அனுப்பினர். நிலம் அவர்களுடைய தகப்பனார் சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் காலஞ்சென்றவர். மகன் தன் பெயருக்குப் பட்டாவை மாற்றிக்கொண்டு விற்றுவிட்டார். சகோதரிகள் எங்கும் கையொப்பமிடவில்லை.

அன்று வீடு திரும்பிக் கிரயப் பத்திரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு என் சுவாதீன அனுபவத்தில் இருந்து வருவதுமான" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பிதுரார்ஜிதம் என்றால் தகப்பன் வழி வந்த சொத்து. தகப்பன் வழி வந்ததாயின், அத்தகப்பனுக்கு மக்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை; அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறியாமல் வாசித்தது எங்கள் பிழை. அந்த அறியாமை பிற அங்கத்தினர்களுக்கு வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவு தருவது யாது?

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்பதாயின், பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே விற்க வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் வகுத்துள்ள விதி. இதிலிருந்து நம்மவர் பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர். பதிவின்றி உரிமை மாறாது என்பது மெய்; ஆயின், பதிவு செய்ததனாலேயே உரிமை வந்துவிடும் என்பது மெய்யன்று. சார்பதிவாளர், எழுதிக்கொடுப்பவர் இன்னார் என்பதையும், அவர் எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார் என்பதையும், தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டது என்பதையும் பார்ப்பவர். விற்பவருக்கு அந்நிலத்தில் உண்மையான உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்புக் கூறுவது அவர் வேலையன்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாகவே எடுத்துரைத்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858 முதல் டாரென்சு என்பவர் கொண்டுவந்த முறையில், நிலத்தின் உரிமைக்கு அரசாங்கமே பொறுப்பேற்கிறது. நம் நாட்டில் அம்முறை இல்லை. தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலாது. விற்றவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் உண்டு என்றால், வாங்கியவருக்கும் அந்த ஒரு பங்குதான், பத்திரத்தில் முழு மனையும் எழுதப்பட்டிருப்பினும். ஆகவே ஆராயும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது.

பின்னோக்கி வாசிக்கும் விதம்

தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப்பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் புணைக்கிறோம். எங்காவது ஓர் இழை விடுபட்டுப் போனால் அந்தக் குறை சேலையின் நீளம் முழுவதும் ஓடும். பத்திரங்களின் தொடரும் அத்தகையதே. இன்று விற்பவர் கையிலுள்ள பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இச்சொத்து எனக்கு இன்ன ஆண்டில், இன்ன சார்பதிவகத்தில், இன்ன எண்ணாகப் பதிவான கிரயப் பத்திரத்தின்படி பாத்தியப்பட்டது" என்று அதில் ஒரு வாசகம் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சார்பதிவகத்தில் மனுச் செய்து அப்பத்திரத்தின் நகலைப் பெறுங்கள். அதிலும் அதற்கு முந்திய பத்திரத்தின் எண் இருக்கும். இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பின்னே செல்ல வேண்டும்.

முப்பது என்னும் கணக்கு வக்கீல்கள் தம் கட்டணத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்று சிலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. அடமானம் வைத்தவர் அதனை மீட்பதற்கு வழக்கிடும் காலவரம்பு முப்பது ஆண்டு. அரசாங்கம் தன் நிலத்துக்காக வழக்கிடவும் முப்பது ஆண்டு. முப்பது ஆண்டு கடந்த பத்திரம் உரிய இடத்திலிருந்து வெளிப்பட்டால், அதிலுள்ள கையொப்பங்கள் மெய்யானவை என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். பதின்மூன்று ஆண்டுக்கு எடுத்த சான்று இவற்றுள் எதற்கும் போதாது.

பின்னே செல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சொத்து இவர் கைக்கு எவ்வழியாக வந்தது? கிரயம், தானசெட்டில்மெண்டு, பாகப்பிரிவினை ஆகியவை பெரும்பாலும் பதிவேட்டில் காணப்படும். மரணத்தினால் கைமாறிய இடமே மிகவும் அஞ்சத்தக்க இடம். அங்குதான் பத்திரமே இராது. வில்லங்கச் சான்றிலும் எதுவும் வராது.

இறந்தவர் இந்துவாயிருந்து, சொத்து அவருடைய சுயார்ஜிதமாயின், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் ஆகிய அனைவரும் சமபங்கு உடையவர். தாயாரை மறந்துவிடுவது சர்வசாதாரணம். பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தாயின், தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது மணமாகாதிருந்த மகள்களுக்கும் பிறப்பால் பங்களித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் உட்படுத்தியது. அந்த 2005 திருத்தத்தின்போது தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தீர்மானித்தது. "பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது" என்று விற்பவர் சொல்லும் சொல்லைச் சட்டம் ஏற்பதில்லை. சீர் வேறு, பங்கு வேறு. பெண்மக்கள் யாவரும் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். அல்லது முன்னதாகவே தம் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். முகமதியர், கிறிஸ்தவர் ஆகியோருக்கு வாரிசு முறை வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அத்துடன் நில்லாமல், அத்தெருவில் இரண்டு முதியவர்களிடம் அக்குடும்பத்தில் மக்கள் எத்தனை பேர், வெளியூரில் யாரேனும் உள்ளனரா, முதல்தாரத்துப் பிள்ளைகள் உண்டா என்று விசாரியுங்கள். ஒரு தேநீர் செலவில் கிடைக்கும் இச்செய்தி எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

பங்காளிகளுள் மைனர் ஒருவர் இருப்பின் இன்னும் எச்சரிக்கை தேவை. மைனருக்குரிய தனிச்சொத்தைத் தகப்பனாயினும் தாயாயினும் நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், அம்மைனர் வயது வந்த மூன்றாண்டுகளுக்குள் அக்கிரயத்தை ரத்துச் செய்யக் கோரலாம். இன்று பள்ளிக்குச் செல்லும் சிறுவன் எட்டாண்டு கழித்து நம் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடும்.

வில்லங்கச் சான்றைப் பற்றி இரண்டு சொல். அது நாம் கொடுக்கும் சர்வே எண்ணுக்கும் நாம் கேட்கும் ஆண்டுகளுக்கும் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியன பெரும்பாலும் அதில் வாரா. உட்பிரிவு ஆகி எண் மாறிய நிலமாயின் பழைய எண்ணுக்கும் தனியே தேட வேண்டும். புதிய உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் தேடினால், பழைய எண்ணில் கிடக்கும் அடமானம் கண்ணுக்குத் தென்படாது. தரகர்கள் சிலர் இதனை நன்கறிவர். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், கிரய உடன்படிக்கை, நிலம் பற்றிய பொது அதிகாரப் பத்திரம், பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான ஆவணம் ஆகியனவும் பதிவாக வேண்டியிருப்பதால், அதற்குப் பிந்திய காலத்துக்குச் சான்று முன்னைவிடப் பயனுடையதாயிற்று. அதற்கு முந்திய காலத்தில், அசல் பத்திரத்தை வங்கியிலோ தனியாரிடமோ வைத்துவிட்டு நகலைக் காட்டுபவர்கள் இருந்தனர். அசலைக் கண்ணால் காணாமல் முன்பணம் கொடுக்கலாகாது. "பத்திரம் தொலைந்துவிட்டது" என்று விற்பவர் கூறினால், காவல் நிலையத்தில் புகார் செய்து பெற்ற சான்றும் செய்தித்தாள் அறிவிப்பும் வந்த பின்னரே மேற்கொண்டு பேசுங்கள்.

பொது அதிகாரம் பெற்றவர் விற்க வந்தால், அதிகாரம் கொடுத்தவர் இன்று உயிரோடிருக்கிறாரா என்பதே முதற்கேள்வி. கொடுத்தவர் இறந்த அன்றே அதிகாரமும் பொதுவாக இறந்துவிடுகிறது. அதிகாரப் பத்திரத்தையும் உடன்படிக்கையையும் கையில் கொடுத்து, "இதுவே கிரயத்துக்குச் சமம்" என்று சொல்லி மனை தருவோரிடம், அவ்வாறு உரிமை மாறாது என்று 2011ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டதை நினைவூட்டுங்கள்.

பட்டாவும் நிலமும்

பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கு. தீர்வை செலுத்தவேண்டியவர் இன்னார், அனுபவத்தில் இருப்பவர் இன்னார் என்பதற்கு அது சான்றாகுமேயன்றி, உரிமைக்கு மூலம் ஆகாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் திட்டத்தில், பல ஊர்களில் பெயர்கள் மாறிப் பதிவாகி, அவற்றைத் திருத்தும் மனுக்கள் இன்னமும் நடந்துவருகின்றன. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா மற்றொருவர் பெயரிலும் இருந்தால், அதனைச் சரிசெய்து தரும் வேலை விற்பவருடையது. கிரயத்துக்கு முன்பே அவர் அதனை முடிக்க வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அளவில் காணப்படும். ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர். அது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இக்கணக்கை அறியாதவர் ஏமாறுவது எளிது. ஐந்து சென்ட் என்று விலை பேசப்பட்ட மனைக்குப் பட்டாவில் 1.80 ஏர் என்று இருக்குமாயின், உள்ளது 4.45 சென்ட்தான். குறைவது 240 சதுர அடி. சென்ட் ஒரு லட்சம் என்றால் 55,000 ரூபாய் காற்றில் போயிற்று.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று காணலாம். ஏரி, வாய்க்கால், ஓடை, மயானம், மேய்ச்சல் எனப் புறம்போக்காயிருப்பின், அங்கே எத்தனை வீடுகள் கட்டப்பட்டிருந்தாலும், மின்சாரம் வந்திருந்தாலும் அதனைத் தீண்டாதீர்கள். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் முன் அனுமதியின்றி விற்றால் அக்கிரயம் செல்லாது என்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், அம்மக்களைத் தவிர வேறு எவருக்கும் கைமாறலாகாது என்னும் நிபந்தனையுடையன. அவற்றைப் பிறர் வாங்குவது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பு. விலை மலிவாயிருக்கிறது என்று தரகர் மகிழ்ச்சியோடு சொல்லும் இடங்களில் பாதி இத்தகையவை என்பது என் அனுபவம்.

பிறகு, புலப்படத்தின் நகலையும் நில அளவரையும் உடன் அழைத்துக்கொண்டு மனைக்குச் சென்று, எல்லைக்கல் நாட்டி அளந்து பாருங்கள். பத்திரத்தின் செக்குபந்தியில் வடக்கே இன்னார் நிலம் என்றிருந்தால் அந்த இன்னாரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். பக்கத்து நிலக்காரர் தலையசைத்தால் அரைப்பங்கு தகராறு அன்றே தீர்ந்தது. கோடையில் பார்த்த மனையை ஐப்பசி மழையில் மறுபடியும் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தில் சென்னைப் புறநகர்களில் முதல் மாடி வரை நீர் ஏறிய பகுதிகள் பலவும் முன்னாளில் ஏரிகளும் அவற்றின் வடிகால்களுமாக இருந்தவையே. மண்ணின் நிறமும், அருகிலுள்ள பனைமரத்தின் அடியில் படிந்த நீர்க்கோடும் உங்களுக்குச் சொல்லும்.

பகுதி பகுதியாகப் பிரித்து விற்கும் மனைப்பிரிவாயின், நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அத்தேதிக்குப் பின் முதன்முதலாக வெட்டப்பட்ட அங்கீகாரமற்ற மனையை வாங்குபவருக்குப் பதிவும் இல்லை, கட்டட அனுமதியும் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். அப்பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பதிவான உடன்படிக்கை எழுதாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விற்பவர் வாங்கலாகாது என்றும் அச்சட்டம் சொல்லுகிறது. மாதத் தவணையில் மனை தருகிறோம் என்று சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுப்போரிடம் இவ்விரண்டையும் கேட்டால், பலர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவர்.

நெசவாளர்களுக்கென்றே ஒரு சொல். குழித்தறி போடுகிறவர் நிலத்தடி நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அக்கம்பக்கத்துக் கிணற்றில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஈரம் ஊறும் குழியில் காலும் கெடும், பாவும் கெடும். ஜக்கார்டு பெட்டி வைப்பவர் தன் தறியின் உச்சியை அளந்து, அதன்மேல் கை நுழைய இடம் விட்டுக் கூரையின் உயரத்தை நிச்சயிக்க வேண்டும். கான்கிரீட் போட்டபின் உயர்த்த இயலாது. பாவு நீட்டுவதற்கு நீண்ட நேரான இடம் வேண்டும். சேலம், திருச்செங்கோடு பக்கங்களில் நம் முன்னோர் பாவடி என்று ஊருக்குப் பொதுவாக நிலம் விட்டுவைத்ததன் அருமை, நாற்புறமும் மதில் எழுந்த புதுமனைப் பிரிவுகளில் குடியேறியவர்களுக்குத்தான் தெரியும். வீடு கட்டும் அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோர் சுயசான்றின் பேரில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. பட்டாவும் பத்திரமும் ஒத்திருப்பவருக்கு அது பெரிய வசதி.

பணம்

சிலர் குடியிருப்பதற்காக அன்றி, விலை ஏறும் என்று இரண்டாவது மனை வாங்க விரும்புகின்றனர். அவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு மனை வாங்குகிறோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 45,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிட அதிகமாயிருந்தால் அம்மதிப்பின் மேல்தான் கணக்கு. தரகுக்குப் பத்தாயிரம், வக்கீல், நகல், அளவை, எழுத்துக்கூலி எல்லாவற்றுக்கும் பத்தாயிரம் என்று வைப்போம். கையைவிட்டுப் போனது 5,65,000. இதே தொகையை ஆண்டுக்கு ஏழு சதவிகிதக் கூட்டு வட்டியில் வைத்தால் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 7,92,000 ஆகும். ஆகவே, ஐந்து லட்சத்து மனை ஐந்தாண்டில் எட்டு லட்சத்துக்கு விலைபோனால்தான் நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். இடையில் வேலி, முள் வெட்டுதல், ஆக்கிரமிப்பு பற்றிய கவலை தனி. மகள் திருமணத்துக்கு ஆவணியில் பணம் வேண்டுமென்றால் மனை ஆவணியில் விற்காது.

ஒரு வீட்டுக்கு ஒரு மனை என்பது தேவை. அதற்காகக் கடன் படுவதிலும் தவறில்லை. இரண்டாவது மனைக்குக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. விளைநிலம் உடையவர்கள், பயிர் தரும் காணியை விற்று நகரத்தருகே தரிசு மனை வாங்குவதைக் காணும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பெண்கள் பெயரில் வாங்கினால், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு என்னும் சலுகை 2025 ஏப்ரல் முதல் வந்தது. மேற்சொன்ன மனையில் ஐயாயிரம் மிஞ்சும். அந்த ஐயாயிரத்தைவிட, மனை அவள் பெயரில் இருப்பது பெரிய பலன் என்பதை நகையைக் கழற்றிக் கொடுத்தவளிடம் கேட்டுப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதை வெள்ளைத்தாள் ரசீதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிரய உடன்படிக்கை மட்டுமே நிலத்தில் எவ்வித உரிமையையும் அளிப்பதில்லை. அது கிரயம் முடிக்கும்படி வழக்கிடுவதற்கான ஆதாரமே. அவ்வழக்குக்கும் காலவரம்பு மூன்றாண்டு. தொகையை வங்கி வழியே கொடுங்கள். நிலத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கே எனினும், பின்னால் தகராறு வந்தால் ரொக்கம் கொடுத்ததை நிரூபிக்க முடியாமல் தவிப்பவர் கொடுத்தவரே. உண்மை விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று யோசனை சொல்லுவோர் உண்டு. உரிமையில் பழுது கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகைதான் கையில் கிடைக்கும்.

பதிவுக்குப்பின் பட்டா மாற்றத்தை மறவாதீர்கள். முழுப் புலத்தையும் வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் விரைந்து முடியும். உட்பிரிவு செய்யவேண்டியிருந்தால் அளவர் வந்து அளக்க வேண்டும். அதற்குரிய கட்டணம் செலுத்திய ரசீது, அளவர் வந்த தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். நகல்களின் ஒரு தொகுதியைச் சங்கத்தில் ஒப்படைக்க விரும்புவோருக்கு எங்கள் சங்கத்தில் அலமாரி ஒன்று ஒதுக்கியிருக்கிறோம். பிற சங்கங்களும் இதனைச் செய்யலாம்.

முதலில் சொன்ன அங்கத்தினரின் மனையில், கடைக்காலுக்குள் ஊமத்தையும் வேலிக்காத்தானும் முளைத்து இரண்டரை ஆண்டு நின்றன. சகோதரிகள் இருவரும் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பங்கைக் கேட்டனர், அவ்வளவே. விற்றவர் பணத்தைச் செலவழித்துவிட்டார். கடைசியில் பெரியோர் இருவர் நடுவில் இருந்து பேச, நம் அங்கத்தினர் சகோதரிகளுக்கு மேலும் ஒரு தொகை கொடுத்து, அவர்களுடைய பங்கையும் எழுதி வாங்கிப் பதிவு செய்தார். தீர்வையும் மறுபடி செலுத்தினார். அத்தொகைக்காக நகை மீண்டும் ஒருமுறை அடகுக்குப் போயிற்று. இப்பொழுது அவ்வீட்டில் ஓடு வேய்ந்த ஒரு கூடமும் ஓர் அறையும் இருக்கின்றன. தறி சென்ற தை மாதத்தில்தான் குழியில் இறங்கியது.